பல்பை நம்பாதவர்

அவர் பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை. மயிலாப்பூரில் எங்களுக்கு அவர் ‘ஃபியூஸ்காரர்’, அவ்வளவுதான். ஆறேழு வருஷம் ஒரு மனிதரைக் கூப்பிட்டனுப்பி வேலை வாங்கிக்கொண்டு, பெயரைக் கேட்கத் தோன்றாமலே இருந்திருக்கிறோம் என்பது இதை எழுத உட்கார்ந்தபோதுதான் உறைக்கிறது. வெட்கமாக இருக்கிறது. ஆனால் அவர் விஷயத்தில் நான் வெட்கப்பட வேண்டியது இது மட்டும் இல்லை.

அப்போது அவருக்கு ஐம்பது வயதிருக்கும். குள்ளமான உருவம். காக்கி அரை டிராயர், கை மடித்த வெள்ளைச் சட்டை, தோளில் ஒரு கான்வாஸ் பை. சட்டைப்பை எப்போதும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தொங்கும். அவர் சைக்கிளை விட்டு இறங்கும்போதே உள்ளே பீங்கான் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம் கேட்கும்.

அறுபதுகளின் கடைசியில் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் பாதி வீடுகளில் முப்பது, நாற்பது வருஷத்து வயரிங். சுவரில் அடித்த மரச்சட்டத்துக்குள் ஓடும் ரப்பர் வயர். ரப்பர் காய்ந்துபோய், தொட்டால் பழைய முறுக்கு மாதிரி உதிரும். யாராவது ஃப்ரிட்ஜோ வெந்நீர் பாய்லரோ வாங்கினால் கூடுதல் கரண்டுக்கு மனுப் போட வேண்டும். மனுவோடு, இந்த வீட்டு வயரிங் ஒழுங்காக இருக்கிறது என்று லைசென்ஸ் உள்ள ஒருவர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். வாசலில் நின்றபடியே கையெழுத்துப் போட்டுத் தருகிறவர்கள் ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். இவர் போர்டைத் திறந்து பார்க்காமல் பேனாவைத் திறக்க மாட்டார்.

நான் அவரை முதலில் பார்த்தது தியாகராய நகரில், என் அக்கா வீட்டில். அத்திம்பேர் பெரிய உத்தியோகத்தில் இருந்தவர். அவர் ஒரு தடவை சொன்னால் ஆபீஸே எழுந்து நிற்கும். ஃபியூஸ்காரர் மச்சுப்படியில் ஏணி போட்டுக்கொண்டு நின்றார். அத்திம்பேர் ஈஸி சேரில் சாய்ந்தபடியே, “நீங்க தைரியமா கை வைக்கலாம். நானே மெயினை அணைச்சுட்டேன்” என்றார்.

ஃபியூஸ்காரர் ஏணியை விட்டு இறங்கினார். “நீ சொல்றே சார். கரண்டு சொல்லணுமே” என்றார்.

அத்திம்பேரை ‘நீ’ என்று சொன்ன முதல் மனிதரை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். அக்கா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அவரோ கூடத்துக்கு வந்து, மெயின் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் இரண்டையும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு ஏணியில் ஏறி, ஒரு பல்பும் இரண்டு நீள வயரும் உள்ள டெஸ்ட் லாம்பை வைத்துப் பார்த்தார். அதற்கும் பிறகு, புறங்கையால் வயரை லேசாகத் தட்டினார். உள்ளங்கை பட்டால் கரண்டு பிடித்து இழுத்துக்கொள்ளும், புறங்கை பட்டால் உதறித் தள்ளிவிடும் என்பது அவர் கணக்கு.

அணைத்துவிட்டேன் என்று அத்திம்பேர் சொன்னது உண்மைதான். அதனால்தான் அவருக்குக் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. அதற்கு மேல், பாதி வேலையில் ஃபியூஸ்காரர் டீ குடிக்கக் கிளம்பிப் போய்விட்டார், ஃபியூஸ் கட்டைகளையும் பையில் போட்டுக்கொண்டே. அத்திம்பேர் விசிறி இல்லாமல் வேர்த்து வழிய, பனியனோடு கேட்டில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபீஸே நடுங்குகிற மனிதர் முக்கால் மணி நேரம் ஒரு டீக்கடைக்காரரின் வேகத்துக்குக் காத்திருந்தார்.

திரும்பி வந்ததும் ஃபியூஸ்காரர் அவரிடம் சொன்னார்: “இன்னா சார், உன் மேல சந்தேகமா? அத்தெல்லாம் இல்ல. நான் மேல ஏறிக்கினு இருக்கசொல்லோ எவனாவது வந்து ‘அட, ஃபேன் நின்னுபூச்சே’ன்னு மாட்டிட்டா? எம் பாக்கெட்ல கீற வரைக்கும்தான் அது ஆஃபு.”

இதுதான் அவர். இதற்கு முன்னும் பின்னும் அவரைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. மற்றவர் வாய்வார்த்தையை அவர் நம்ப மாட்டார். பல்பு அணைந்ததையும் நம்ப மாட்டார். “பல்பு பொய் சொல்லும்மா” என்பது அடிக்கடி அவர் வாயில் வரும். கரண்டு வருவதற்கு ஒரு வழி, திரும்பிப் போவதற்கு ஒரு வழி. பழைய போர்டுகளில் இரண்டு வழிக்கும் தனித்தனி ஃபியூஸ் கட்டை இருக்கும். திரும்புகிற வழிக் கட்டையை மட்டும் பிடுங்கினாலும் பல்பு அணைந்துவிடும். ஆனால் வருகிற வழியில் கரண்டு வந்து அப்படியே நின்றுகொண்டிருக்கும். நின்றுகொண்டிருப்பது வெளியே தெரியாது. இதை அவர் எங்கள் வீட்டிலேயே என்னிடம் நாலைந்து தடவை சொல்லியிருக்கிறார். நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எனக்கே ஒருவர் பாடம் எடுப்பதா என்று, தலையை ஆட்டிக்கொண்டே வேறு எதையாவது நினைத்துக்கொண்டிருப்பேன்.

போர்டைத் திறந்ததும் உள்ளே கிடைத்ததை எல்லாம் ஒரு செய்தித்தாளை விரித்து வரிசையாக வைப்பார். ஃபியூஸ் போனால் மெல்லிய ஈயக் கம்பி கட்ட வேண்டிய இடத்தில் நம் ஜனங்கள் எதையெல்லாம் கட்டியிருக்கிறார்கள் என்று அந்தத் தாளைப் பார்த்தால் தெரியும். தலையில் குத்தும் ஊசி, சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதம், சேஃப்டி பின். சித்திரைக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு வித்வான் வீட்டில் வீணைத் தந்தியையே நாலாக மடித்துக் கட்டியிருந்தார்களாம். “ஆயுசுக்கும் எரியாதும்மா இது. வூடு எரியும், இது எரியாது” என்று அந்தத் தந்தியை எனக்குக் காட்டினார். அடையாறில் ஒரு வீட்டில் ஆயுத பூஜைக்கு மெயின் பெட்டியைத் திறந்து, கட்டைகளுக்கெல்லாம் ஈரச் சந்தனமும் குங்குமமும் அப்பி, மல்லிகைச் சரமும் சுற்றிவிட்டார்கள். அந்த வீட்டு அம்மாளிடம் அவர் சொன்னது மயிலாப்பூர் வரைக்கும் வந்துவிட்டது. “சாமிக்கு வை தாயி. கரண்டுக்கு வைக்காதே. அது வாங்கிக்கினு சும்மா போவாது.”

வேலை முடிந்து திரும்ப ஃபியூஸ் மாட்டும்போது இன்னொரு கூத்து. வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பார். சொன்னால் போதாது, அத்தனை பேரும் கூடத்துக்கு வந்து நிற்க வேண்டும். குளிக்கப் போயிருக்கிறவர் வருகிற வரைக்கும் மாட்ட மாட்டார். வாசல் செருப்புகளை எண்ணிப் பார்ப்பார். ஒரு ஜோடி அதிகமாக இருந்தால் அது யாருடையது என்று தெரியாமல் விட மாட்டார். பத்துத் தடவையில் ஒன்பது தடவை அவர் சந்தேகம் வீண்தான். மொட்டை மாடியில் வடாம் காயவைக்கிற பாட்டியம்மாளைக் கூடத் தேடிப் பிடித்து இறக்கிக் கொண்டுவருவார். ஜனங்களுக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

தன்னையும் அவர் நம்பியதில்லை. சைக்கிளைப் பூட்டிவிட்டுப் பத்தடி போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். ஏன் இப்படி என்பதற்கு ஊரில் மூன்று கதைகள் இருந்தன. தம்பி கரண்டில் போய்விட்டான் என்று ஒன்று. கூட வேலை செய்தவன் என்று ஒன்று. மூன்றாவதை நான் மறந்துவிட்டேன். நான் ஒரு தடவை நேராகவே கேட்டேன்.

“கதையெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. முப்பது வருசமா இந்தத் தொழில்ல கீறேன். உசுரோட கீறேன். அதான் கதை.”

இனி அந்த ஐப்பசி மாதத் திவசத்தைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதனால்தான் அத்திம்பேரையும் வீணைத் தந்தியையும் பற்றிப் பேசிக்கொண்டு இவ்வளவு நேரம் தள்ளிப் போட்டேன்.

எங்கள் வீடு பாகப் பிரிவினையில் இரண்டானது. கூடம் என் கணவரின் பெரியப்பா பக்கம் போனது. எங்கள் பக்கத்தில், பழைய நடையைத் தடுத்து சமையலறை ஆக்கினார்கள். நடைச் சுவரில் இருந்த மீட்டரும் மெயின் பெட்டியும் அப்படியே சமையலறைக்குள் மாட்டிக்கொண்டன. மெயின் ஸ்விட்சின் கைப்பிடி துருவேறி இறுகிப்போய் வருஷங்கள் ஆகியிருந்தன. ஃபியூஸைப் பிடுங்கினால்தான் உண்டு. சமையலறைக்குப் பின்னால் கிணற்றடி. கிணற்றின் மேல் ராட்டினத்துக்கு ஓர் இரும்பு உத்திரம். குனிகிறவர்கள் பிடித்துக்கொள்ள, அதிலிருந்தே ஓர் இரும்புக் கம்பி கீழே இறங்கும். உத்திரத்தின் ஒரு முனை பக்கத்துச் சந்துச் சுவரில் எழுப்பிய ஒரு தூணில் பதிந்திருந்தது. கிணற்றடி விளக்குக்குப் போகிற வயரும் அதே சுவரில்தான் ஓடியது.

அன்றைக்கு என் மாமனாரின் திவசம். மாமியாருக்கு அறுபத்தெட்டு வயது. விடியற்காலையிலேயே குளித்து, ஈரப் புடவையோடு மடியாகச் சமையலில் இறங்கிவிட்டார். நானும் மடி. அந்த ஈரப் புடவையோடு இருக்கிற வரைக்கும் வெளியாள் எங்கள் மேல் படக் கூடாது. சமையலறையிலும் கிணற்றடியிலும் காலே வைக்கக் கூடாது. பட்டால், வைத்த சமையல் எல்லாம் வீண். மூன்று நாளாக மழை. ஒன்பது மணிக்குத் தண்ணீர் இழுக்கப் போனேன். கம்பியைத் தொட்டேன். தோள் வரைக்கும் யாரோ கட்டையால் அடித்த மாதிரி இருந்தது. குடம் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை.

“கிணத்தண்டை யாரும் போகாதீங்கோ” என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்காரரிடம் ஃபியூஸ்காரருக்குச் சொல்லியனுப்பினேன். மாமியார் முகம் சுருங்கியது. “இன்னிக்கா? தெவசமும் அதுவுமா வெளி மனுஷா ஆத்துக்குள்ள வரப்படாது. அவன் சந்துல நின்னுண்டு என்ன பண்ண முடியுமோ பண்ணட்டும்” என்றார்.

அவர் மழையில் நனைந்தபடி வந்தார். சந்துச் சுவர் என் மார்பளவு உயரம்தான். அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன்.

“வயரு பிஞ்சி, கரண்டு ஈரச் செவுத்துல எறங்கிக்கினு கீது. மொத்தமா ஃபியூஸப் புடுங்கி வெச்சிடு. நாளைக்கு வந்து பாக்கறேன்.”

“இருட்டுல எப்படி சமைக்கறது? பன்னண்டு மணிக்கு சாஸ்திரிகள் இலையில உக்காரணும்.”

அவர் வானத்தைப் பார்த்தார், சமையலறைப் பக்கம் பார்த்தார். “அப்ப கெணத்து லைட்டுக்குப் போற வயர மட்டும் வெட்டி உட்டுடறேன். பத்து நிமிசம். நான் உள்ள வந்து ஃபியூஸ எடுக்கட்டா?”

“வரக் கூடாது. நான் எடுக்கறேன்.”

அவருக்குப் பிடிக்கவில்லை. முகத்திலேயே தெரிந்தது. சுவரின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, “ரெண்டு கட்டை இருக்கும். ரெண்டையும் புடுங்கி எங்கைல குடு. கைய ஈரமில்லாம தொட்ச்சிக்கோ. மணை மேல ஏறி நின்னுக்கோ. ரெண்டையும், இன்னா?” என்றார்.

நான் உள்ளே போனேன். மணையைப் போட்டு ஏறி நின்று, கையைத் துடைத்து, முதல் கட்டையைப் பிடுங்கினேன். வந்துவிட்டது. சமையலறை பல்பு அணைந்தது. இரண்டாவது கட்டை கறுத்துப்போய் இறுகிக் கிடந்தது. இழுத்தேன், அசையவில்லை. எனக்குப் பயமாகவும் இருந்தது. மாமியார் இருட்டில் கரண்டியோடு நின்றுகொண்டு, “ஆச்சாடி? மணி பத்தரை ஆறது. சாதத்துக்கு உலை வைக்கணும், சொட்டுத் தண்ணி இல்லை” என்றார்.

கணக்கு டீச்சர் இல்லையா, எனக்குள் ஒரு நியாயம் ஓடியது. வட்டத்தை ஓர் இடத்தில் வெட்டினால் அது வட்டம் இல்லை. இரண்டு இடத்தில் எதற்கு வெட்ட வேண்டும்? பல்புதான் அணைந்துவிட்டதே.

“அணைச்சாச்சு!” என்று இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினேன்.

ஒற்றைக் கட்டையை எடுத்துக்கொண்டு கிணற்றடியைத் தாண்டிச் சந்துச் சுவருக்குப் போனேன். அவர் உள்ளங்கையை நீட்டினார். விரல் பட்டுவிடாமல் மேலே இருந்து போட்டேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னொண்ணு?”

“அது இறுகிக் கிடக்கு. பல்பு அணைஞ்சுடுத்து. இது போதும்.”

அவர் பையிலிருந்து டெஸ்ட் லாம்பை எடுத்தார். ஒரு முனையைத் திறந்து வைத்திருந்த வயரில் வைத்தார். மறு முனையைச் சந்தில் மண்ணுக்குள் இறங்குகிற மழைநீர்க் குழாயில் வைத்தார். லாம்ப் பளிச்சென்று எரிந்தது.

நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் மூளைக்கு அது எட்டவில்லை. அவர் லாம்பைப் பார்க்கவில்லை, என் தோளுக்கு மேலே பார்த்தார். நானும் திரும்பினேன். அணைச்சாச்சு என்று நான் கத்தியதைக் கேட்டு, மாமியார் பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றுக்கு வந்துவிட்டிருந்தார். ஈரத் தரையில் வெறும் கால். குடத்தைத் துவைகல்லில் வைத்துவிட்டு, குனிவதற்காக இடது கையைக் கம்பிக்கு நீட்டினார்.

“பெரீம்மா! கம்பியத் தொடாதே!”

திவச நாளில் சந்திலிருந்து ஒருவர் இப்படிக் கத்துவதா என்று மாமியார் தலையை மட்டும் திருப்பினார். கை நின்றதாகத் தெரியவில்லை. ஃபியூஸ்காரர் சுவரின் மேல் கையை ஊன்றி, ஒரே தாவில் கிணற்றடிக்குள் குதித்தார். மாமியாரின் புடவைத் தலைப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். கம்பிக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும், அதற்கு மேல் இல்லை. மாமியார் துவைகல்லில் போய் உட்கார்ந்தார். குடம் உருண்டது. ஃபியூஸ்காரர் நிற்காமல் சமையலறைக்குள் ஓடினார். அங்கே மணை கீச்சிடுகிற சத்தமும், இறுகிய கட்டை பிடுங்கப்படுகிற சத்தமும் கேட்டன.

சத்தம் கேட்டு என் கணவர் பஞ்சகச்சத்தோடு ஓடி வந்தார். பின்னால் இரண்டு சாஸ்திரிகள், வாசற்படியைத் தாண்டாமல் நின்றார்கள். ஃபியூஸ்காரர் சமையலறை வாசலில் வந்து நின்றார். ஒரு கை மூடியிருந்தது. டிராயரிலிருந்து தண்ணீர் அடுப்பங்கரைக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே பாயசம், வடைமாவு, கறி எல்லாம் பாத்திரம் பாத்திரமாக இருந்தன.

மாமியார் அழவில்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

“கரண்டுதான் நின்னுடுத்தே. நீதானே அணைச்சாச்சுன்னே. அப்பறம் என்னத்துக்குடி அவன் என்னைப் புடிச்சு இழுத்தான்?”

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். இந்த வீட்டில் ஒரு வருஷத்துக்கு ஒரு நாள். அந்த நாள் பாழாகிவிட்டது. பாழாக்கியது யார் என்று சொல்ல வேண்டும். ‘அவர் இரண்டு என்றார், நான் ஒன்றுதான் எடுத்தேன்’ என்று சொன்னால் தீர்ந்தது. ஆறே வார்த்தை. எனக்கு வாய் வரவில்லை. வந்தது வேறு.

“நின்னுதாம்மா இருந்தது. அவர்தான் நம்பலை.”

சொல்லிவிட்டேன். என் காதாலேயே கேட்டேன். அவர் நாலடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். அந்தக் கட்டை அவர் கைக்குள்தான் இருந்தது. கையை விரித்து, இது எங்கே இருந்தது என்று இந்த அம்மாளைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். போர்டைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. பிறகு மாமியார் பக்கம் திரும்பினார்.

“தப்புதான் பெரீம்மா. மன்னிச்சுக்கோ.”

என் கணவர் தன் வழக்கத்துக்கு மாறாகக் குரலை உயர்த்தினார். “போதும். இருக்கிற வேலையை முடிச்சுட்டுப் போங்கோ. இனிமே இந்த ஆத்துப் பக்கம் வராதீங்கோ.”

அவர் சந்துக்குத் திரும்பிப் போய், மழையில் நின்றபடி கிணற்று வயரை வெட்டி, முனைகளைச் சுற்றிக் கட்டினார். பிறகு இரண்டு கட்டைகளையும் சுவரின் மேல் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “எல்லாரும் கெணத்த உட்டுத் தள்ளி நிக்கட்டும். அப்பால மாட்டு.” நான் மாட்டினேன். பல்பு எரிந்தது. நான் வெளியே வந்தபோதும் அவர் போகவில்லை. சுவருக்கு மேலே எட்டி, டெஸ்ட் லாம்பின் ஒரு முனையைக் கம்பியிலும் மறு முனையைக் குழாயிலும் வைத்துப் பார்த்து, அது எரியவில்லை என்று தெரிந்த பிறகு, புறங்கையால் அந்தக் கம்பியைத் தட்டிப் பார்த்தார். எங்களுக்காகத்தான். அதன் பிறகுதான் சைக்கிளை எடுத்தார்.

அத்தனை சமையலையும் சந்தில் கொட்டினோம். மாமியார் இன்னொரு தடவை தலைக்குக் குளித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் கூடவே நின்று எடுத்துக் கொடுத்தேன். அவர் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து தண்ணீர் இழுத்தார். ஒவ்வொரு தடவை பிடிக்கும்போதும் நான் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இலை போடும்போது மூன்று மணி. வாய்க்கு வாய் ஃபியூஸ்காரரைத் திட்டினார். நான் ஒரு தடவை கூட வாயைத் திறக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்தும்போது, விடை சரியாக இருந்து வழி தப்பாக இருந்தால் நான் பாதி மார்க்தான் போடுவேன். பெண்களுக்கு என் மேல் அதில் கோபம். திவசத்துக்கு அடுத்த மூன்று வாரமும் சிவப்புப் பேனாவைக் கையில் எடுக்கவே எனக்குக் கூசியது. உயிரோடு விளையாடிவிட்டு, பழியை இன்னொருவர் தலையில் வைத்தவள் யாருக்கு மார்க் போடுவது?

மந்தைவெளி பஸ் ஸ்டாண்டில் இருந்த ஒரு வாடகை சைக்கிள் கடையில் சொன்னால் அவருக்குத் தகவல் போகும். நாலாவது வாரம் பள்ளிக்கூடம் விட்டதும் நானே போனேன். கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அவர் ஒரு ஃபியூஸ் கட்டைக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“இன்னா டீச்சரம்மா, மறுபடி ஷாக் அடிக்குதா?”

“இல்லை. அன்னிக்கு நான் பொய் சொன்னேன். உங்க மேல பழி போட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

பஸ் ஸ்டாண்டில் அத்தனை ஜனங்கள் நடுவில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பதறிப்போனார். நாலு பக்கமும் பார்த்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பெஞ்சைத் துடைத்து, உட்காரச் சொன்னார்.

“அய, இதுக்கா அழுவுறே? உன் பேச்ச நான் என்னிக்கும்மா நம்பினேன், இப்ப மனசு கஷ்டப்படறதுக்கு?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சத்தியமாக எனக்கு ஆறுதல் சொல்வதாகத்தான் அவர் நினைத்தார். நான் உட்காரவில்லை. வருகிறேன் என்று கூடச் சொல்லாமல் நடந்தேன்.

வீட்டில் மாமியார் அரிவாள்மணையின் முன்னால் உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பையை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். “அம்மா, தெவசத்தன்னிக்கு கரண்டு நிக்கலை. அவர் ரெண்டு ஃபியூஸ் எடுக்கச் சொன்னார். நான் ஒண்ணுதான் எடுத்தேன். நீங்க அந்தக் கம்பியைத் தொட்டிருந்தா போயிருப்பேள். நின்னுடுத்துன்னு நான் சொன்னது பொய்.”

நறுக்குகிற கை நின்றது. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் நறுக்கியதைத் தட்டில் ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

“நீ அப்படிச் சொன்னபோது அவர் அங்கேதானே நின்னுண்டிருந்தார்?”

“ஆமாம்மா.”

“கேட்டுண்டேதான் எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாரா?”

ஆமாம் என்று நான் தலையை ஆட்டினேன். அன்றைக்கு ‘அவன்’ என்ற மாமியார் இப்போது ‘அவர்’ என்றார்.